பெற்றோருக்கு ஆபத்து அறிகுறிகளைச் சொல்லித்தருவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப்பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருப்பவர் கேட்டிருக்கிறார்: “பள்ளியில் துப்பாக்கிச் சூடு மாதிரி ஏதாவது நடப்பதற்கு முன்னால் தெரியும் அறிகுறிகளைப் பற்றிப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்றரை மணி நேரப் பயிற்சி நடத்தச் சொல்கிறார்கள். நல்ல அறிகுறிப் பட்டியல் எங்கே கிடைக்கும்? தப்பாகச் சொல்லி ஒரு பையனுடைய வாழ்க்கை கெட்டுப்போனால் என்ன செய்வது?”

நீங்கள் கேட்டது பட்டியல். ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: யாரைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும் என்பது ஒன்று, கவலைப்பட்டதை வாய்திறந்து சொன்னால் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது இன்னொன்று. முதல் கேள்வியில்தான் எல்லாரும் நேரத்தைச் செலவிடுகிறார்கள். பயிற்சிகள் வீணாய்ப்போவது இரண்டாவதில். அதனால் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிட்டு இரண்டாவதுக்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. 1999-ல் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்ட பிறகு, அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸும் கல்வித்துறையும் சேர்ந்து 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை, அவற்றில் ஈடுபட்ட 41 பேரை, ஒவ்வொருவராக ஆராய்ந்தன. 2002-ல் வந்த அந்த அறிக்கை சொன்ன முதல் விஷயம், “இப்படிப்பட்ட பையன்தான் செய்வான்” என்று ஒரு வகை கிடையாது என்பது. நன்றாகப் படிப்பவர்களும் இருந்தார்கள், தேறாதவர்களும் இருந்தார்கள். எல்லாரும் தனிமையில் கிடந்தவர்கள் என்பதும் தவறு. 41 சதவீதம் பேர் மற்ற மாணவர்களோடு சாதாரணமாகக் கலந்து பழகியவர்கள். வன்முறை வீடியோ கேம்களில் ஈடுபாடு காட்டியவர்கள் 12 சதவீதம் மட்டுமே. தாங்களே எழுதிய கட்டுரை, கவிதை, நாட்குறிப்பில் வன்முறையைக் காட்டியவர்கள் 37 சதவீதம். உங்கள் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து “எல்லாம் இந்த கேம்ஸால் வருவது” என்று சொல்வார். அப்போது இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள்.

அடையாளத்தை வைத்து ஆளைத் தேடுவது ஏன் பலிக்காது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஒரு லட்சம் மாணவர்களில் உண்மையில் ஆபத்தானவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொல்லும் சோதனை கையில் இருந்தாலும், அது அந்த ஒருவரோடு சேர்த்து ஒன்றும் அறியாத ஆயிரம் பிள்ளைகளையும் பிடித்துக் கொடுக்கும். கறுப்புச் சட்டை, பேசாத சுபாவம், உரத்த இசை என்றெல்லாம் எழுதிய பட்டியல் அந்தச் சோதனையின் அருகில்கூட வராது. மனநோயும் அப்படித்தான். 2000 முதல் 2013 வரை பொது இடங்களில் துப்பாக்கிச் சூடு நடத்திய 63 பேரைப் பற்றி எஃப்.பி.ஐ. 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பே மருத்துவர் கண்டறிந்த மனநோய் இருந்ததாக உறுதியானது நான்கில் ஒருவருக்கு மட்டும். மனநலச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளைச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும் பயிற்சி, உதவி தேடிப் போகிறவர்களை அந்தப் பக்கமே போகவிடாமல் செய்துவிடும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? ஆள் எப்படிப்பட்டவர் என்பதை விட்டுவிட்டு அவருடைய நடத்தையைப் பாருங்கள். அதிலும் அண்மையில் மாறிய நடத்தையை. இந்தத் தாக்குதல்கள் திடீரென்று வெடிப்பவை அல்ல. ஒரு மனக்குறை, அதிலிருந்து “அவர்களுக்குக் காட்டுகிறேன்” என்ற எண்ணம், பிறகு தேடிப் படிப்பது, திட்டம் போடுவது, ஆயுதம் சேர்ப்பது, இடத்தை நோட்டம் பார்ப்பது என்று படிப்படியாகப் போகும். எஃப்.பி.ஐ. ஆய்வில் நான்கில் மூன்று பேருக்கு மேல் குறைந்தது ஒரு வாரமாவது திட்டமிட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் சராசரியாக நான்கைந்து விதமான கவலைக்குரிய நடத்தைகளைச் சுற்றியிருந்தவர்கள் கண்ணெதிரே காட்டியிருந்தார்கள். 2002 அறிக்கையில் 93 சதவீதம் பேரின் நடத்தை முன்பே யாரையாவது கவலைப்பட வைத்திருந்தது. 81 சதவீதச் சம்பவங்களில் தாக்குதல் எண்ணத்தை வேறு ஒருவராவது அறிந்திருந்தார். அப்படி அறிந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள் அல்ல. நண்பன், வகுப்புத் தோழி, தம்பி தங்கை. இந்தத் துறையில் இதற்குக் ‘கசிவு’ என்று பெயர். உள்ளே இருப்பது எப்படியோ வெளியே கசிந்துவிடுகிறது.

கசிவு எப்படி இருக்கும் என்பதைப் பெற்றோருக்கு எடுத்துக்காட்டோடுதான் சொல்ல வேண்டும். “வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்கு வராதே” என்று நெருங்கிய நண்பனிடம் மட்டும் சொல்வது. முந்தைய தாக்குதல்காரர்களைப் பாராட்டிப் பேசுவது, அவர்கள் பெயரைப் பயனர் பெயராக வைத்துக்கொள்வது, அவர்கள் உடுத்ததைப் போல உடுத்தத் தொடங்குவது. ஒரே ஆளைப் பற்றியோ ஒரே அநியாயத்தைப் பற்றியோ வாரக்கணக்கில் விடாமல் பேசிக்கொண்டிருப்பது, அந்தப் பேச்சு வரவர இறுகுவது. “இனி வேறு வழியே இல்லை” என்ற தொனி. ஆயுதத்தில் திடீர் ஆர்வம், தோட்டா வாங்கும் வழி தேடுவது. ஆசையாக வைத்திருந்த பொருட்களை எடுத்துக் கொடுப்பது. மாதக்கணக்கில் சோர்ந்து கிடந்தவன் காரணம் தெரியாத பரபரப்பில் இருப்பது. இவற்றில் ஒன்றைத் தனியாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இரண்டு மூன்று சேர்ந்து வருவதும், குறுகிய காலத்துக்குள் வருவதும்தான் கவலைக்குரியது.

தற்கொலை எண்ணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2002 ஆய்வில் 78 சதவீதத் தாக்குதல்காரர்களுக்குத் தற்கொலை முயற்சியோ எண்ணமோ முன்பு இருந்திருக்கிறது. இதைத் திருப்பிப் போட்டுப் படித்துவிடாதீர்கள். சாகவேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளில் மிக மிகப் பெரும்பாலோர் இன்னொருவரைத் தொடக்கூட மாட்டார்கள். பயிற்சியில் சொல்ல வேண்டியது ஒன்றே: சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையைக் கேட்காமல் விடக்கூடாது. “உனக்குச் செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைத்தால் எந்த நேரமும் ஆள் எடுப்பார்கள், பெற்றோரும் அழைக்கலாம்.

இப்போது இரண்டாவது கேள்வி. அதே எஃப்.பி.ஐ. ஆய்வு, கவலைக்குரிய நடத்தையைக் கண்டவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்த்தது. ஒரே சம்பவத்தில் பலர் பலவிதமாக நடந்திருப்பதால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டும். 83 சதவீதச் சம்பவங்களில் யாரோ ஒருவர் அந்த ஆளிடமே பேசியிருக்கிறார். 54 சதவீதத்தில் யாரோ ஒருவர் பார்த்தும் எதுவும் செய்யவில்லை. காவல்துறை காதுக்குப் போனது 41 சதவீதத்தில். ஆக, கண்ணுக்குத் தெரியாமல் போகவில்லை. தெரிந்தது அங்கங்கே தங்கிவிட்டது.

ஏன் தங்குகிறது என்பதும் ஓரளவு தெரிந்ததே. முன்கூட்டியே அறிந்திருந்த மாணவர்களைப் பேட்டி கண்டு 2008-ல் வெளிவந்த ஆய்வில், பலர் அதைச் சும்மா சொல்வதாக நினைத்திருந்தார்கள் அல்லது இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள். சொன்னால் தமக்கே திட்டு விழும் என்று வாயை மூடிக்கொண்டவர்களும் இருந்தார்கள். நம் வீடுகளில் இதோடு இன்னும் இரண்டு சேரும். “நாலு பேர் என்ன நினைப்பார்கள்” என்பது ஒன்று. விசாவில் இருக்கும் குடும்பம் போலீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குவது மற்றது. பிள்ளைகள் பக்கத்தில் ‘போட்டுக்கொடுக்கிறவன்’ என்ற பட்டம். இதை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகாமல் கூட்டத்தில் உடைத்துப் பேசுங்கள்: ஒருவனைத் தண்டனையில் மாட்டிவிடுவதற்காகச் சொல்வது போட்டுக்கொடுப்பது. ஒருவன் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளாமல் இருப்பதற்காகச் சொல்வது உதவி கேட்பது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு உடனே புரியும்.

சொல்லும் விதத்தையும் கற்றுத்தர வேண்டும், ஏனென்றால் “அவனைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது” என்ற தகவலை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. யார், எங்கே, எப்போது, என்ன வார்த்தை, யாரெல்லாம் கேட்டார்கள், ஆயுதம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று ஆறு விவரம். பேசியதை உங்கள் மொழியில் சுருக்காமல் சொன்னது சொன்னபடி எழுதுங்கள். ஆங்கிலத்தில் சொன்னதை ஆங்கிலத்திலேயே. இணையத்தில் பார்த்தது என்றால் கணக்கின் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. போட்டால் அரை மணி நேரத்தில் அது வதந்தியாகிவிடும். அந்தப் பிள்ளையின் பெயர் போய்விடும். பதிவை அழித்துவிடவும் அவகாசம் கிடைத்துவிடும்.

உடனே படம் எடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று நடந்ததைச் சொல்லலாம். முந்தைய நாள் வகுப்பில் ஒரு மாணவன் போனில் தோட்டா தேடிக்கொண்டிருந்ததை ஓர் ஆசிரியை பார்த்துச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை அவனுடைய கணக்குத் தாளில் துப்பாக்கிப் படம், ரத்தம் சிந்தும் உருவம், எண்ணங்கள் நிற்கவில்லை, எனக்கு உதவுங்கள் என்று பொருள்படும் வரி. வேறோர் ஆசிரியை அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். தாள் ஆலோசகரின் கைக்கு வருவதற்குள் அவன் படங்களின் மேல் கிறுக்கி, வார்த்தைகளை அடித்திருந்தான். அந்தப் புகைப்படம் இருந்ததால்தான் முதலில் இருந்தது என்னவென்று தெரிந்தது. ஆசிரியர்கள் இருவருமே செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாம் தவறிப்போனது. பெற்றோரை வரவழைத்தார்கள், மனநல உதவிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்கள், வீட்டுக்கு அழைத்துப் போக அவர்கள் மறுத்தார்கள், நான்கு நாள் முன்புதான் தந்தை கைத்துப்பாக்கி வாங்கியிருந்ததை யாரும் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை, முதுகுப்பையைத் திறந்து பார்க்காமலேயே அவனை வகுப்புக்கு அனுப்பினார்கள். துப்பாக்கி அந்தப் பையில் இருந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து நான்கு மாணவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். 2024-ல் தாய் தந்தை இருவருமே கவனக்குறைவால் உயிரிழப்புக்குக் காரணமான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள்.

சொன்ன தகவல் போய்ச் சேராத கதைகள் இதைவிட வேதனையானவை. 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில் ஒரு பள்ளியில் ஓர் இளைஞன் சுட்டதில் 17 பேர் இறந்தார்கள். அதற்கு நாற்பது நாள் முன்பு, ஜனவரி 5-ஆம் தேதி, அந்த இளைஞனை நன்கு அறிந்த ஒருவர் எஃப்.பி.ஐ.யின் பொதுத் தகவல் எண்ணுக்கு அழைத்து, அவனிடம் துப்பாக்கிகள் இருப்பதையும், கொல்லும் ஆசை இருப்பதையும், பள்ளியில் சுடக்கூடும் என்ற தன் அச்சத்தையும் சொல்லியிருந்தார். அது மயாமி அலுவலகத்துக்கு அனுப்பப்படவே இல்லை என்று எஃப்.பி.ஐ.யே பின்னர் ஒப்புக்கொண்டது. இலங்கையில் 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவரைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே பல ஆண்டுகளுக்கு முன்பிருந்து காவல்துறையிடம் முறையிட்டிருந்தார்கள். சூழல் வேறு, ஆயுதம் வேறு, காரணம் வேறு; ஆனால் சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

ஆகவே உங்கள் தமிழ்ப்பள்ளி முதலில் செய்ய வேண்டியது பயிற்சி அல்ல. தகவலைப் பெற்றுக்கொள்ள இரண்டு பேரை நியமியுங்கள். ஒருவர் ஆணும் ஒருவர் பெண்ணுமாக இருந்தால் நல்லது. ஒருவராவது நிர்வாகக் குழுவுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். குழுத் தலைவரின் மகனைப் பற்றியே தகவல் வரலாம் என்பதை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வந்த தகவல், வந்த நேரம், யாரிடம் ஒப்படைத்தோம், எப்போது என்று நான்கு பத்திகள் கொண்ட ஒரு நோட்டுப் போதும், பூட்டி வையுங்கள். அன்றே ஒப்படைக்க வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். அந்த இரண்டு பேரும் விசாரணை நடத்தக் கூடாது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பது, “உண்மையா பொய்யா பார்ப்போம்” என்று வீட்டுக்குப் போவது, இரண்டும் ஆபத்து. நீங்கள் தபால்காரர் மட்டுமே.

யாரிடம் ஒப்படைப்பது? ஆயுதம் கையில், அல்லது இன்றே நடக்கப்போகிறது என்ற பேச்சு என்றால் 911, வேறு யோசனையே வேண்டாம். அந்த அவசரம் இல்லையென்றால், அந்தப் பிள்ளை வாரநாளில் படிக்கும் பொதுப்பள்ளிக்கு. நியூ ஜெர்சியில் 2022-ல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு கல்வி வாரியமும் மிரட்டல் மதிப்பீட்டுக் குழு ஒன்றை வைத்திருக்க வேண்டும்: நிர்வாகி, ஆலோசகர் அல்லது உளவியலாளர், ஆசிரியர், காவல்துறைத் தொடர்பு அலுவலர் என்று பல பக்கத்திலிருந்தும் ஆட்கள். உங்கள் பிள்ளைகள் ஏழெட்டுப் பள்ளி மாவட்டங்களிலிருந்து வருவார்கள், அதனால் ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்தக் குழுவுக்கு யாரை அழைப்பது என்று பெயரும் எண்ணும் கொண்ட ஒரு தாளை முன்கூட்டியே தயாரித்து வையுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் “மாணவர் ரகசியச் சட்டம் தடுக்கும்” என்று தயங்கலாம். ஃபெர்ப்பா என்ற அந்தச் சட்டம் மத்தியக் கல்வி நிதி பெறும் பள்ளிகளின் பதிவேடுகளைப் பற்றியது. அந்த நிதி பெறாத வார இறுதிப் பள்ளியை அது கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் பள்ளியிலும், ஆசிரியர் தன் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சொல்வதை அது தடுக்கவில்லை. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் பதிவேட்டையே பகிரவும் அதில் இடம் உண்டு. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007-ல் 32 பேர் கொல்லப்பட்டபோது, பலரிடம் துண்டுதுண்டாக இருந்த தகவல் ஒன்றுசேராமல் போனதற்கு இந்தச் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது.

தப்பாகச் சொல்லி ஒருவன் வாழ்க்கை கெட்டுவிட்டால் என்ற உங்கள் பயம் நியாயமானது. 2015-ல் டெக்ஸாஸின் இர்விங்கில், தானே செய்த கடிகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோன 14 வயது முஸ்லிம் மாணவனை, அது வெடிகுண்டு போலத் தெரிகிறது என்று கைவிலங்கிட்டு அழைத்துப் போனார்கள். இது நேரக்கூடாது என்றால் தகவல் சொல்பவருக்கு ஒரு சோதனையைக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் எழுதியதிலிருந்து பெயர், மதம், நிறம், உடை, நோய் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். அப்போதும் கவலையாக இருந்தால் சொல்லுங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் உங்களுக்கு இருந்தது அந்த ஆளைப் பற்றிய பயம் மட்டும்தான்.

மறுபக்கம், சரியாக இயங்கும் குழுவிடம் போனால் பெரும்பாலும் தண்டனையில் முடிவதில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான முறையில், வந்த மிரட்டலை முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள்: கோபத்தில் வாய்தவறி வந்து ஆறிவிடுவது, உள்ளே நிலைத்த நோக்கம் கொண்டது. பெரும்பாலானவை முதல் வகை; விளக்கம், மன்னிப்பு, சமாதானத்தோடு முடிந்துவிடும். இந்த முறையை 40 பள்ளிகளில் குலுக்கல் அடிப்படையில் பிரித்துச் சோதித்தபோது, முறையைப் பின்பற்றிய பள்ளிகளின் மாணவர்களுக்கு ஆலோசனையும் பெற்றோர் சந்திப்பும் அதிகம் கிடைத்தன, நீண்ட நாள் இடைநீக்கம் குறைந்தது. இது உறுதியான நல்ல சேதி. ஆனால் குழுவின் தரம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். காகிதத்தில் மட்டும் இருக்கும் குழுவும் உண்டு. ஆகவே பயிற்சிக்கு முன்பே அவர்களில் ஒருவரை நேரில் சந்தித்து, “எங்களிடமிருந்து தகவல் வந்தால் முதல் 24 மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் வேறு மாவட்டத்தில் கேளுங்கள். அந்தப் பதிலைக் கூட்டத்தில் நீங்கள் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தாய் தந்தையர் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான்.

இனி அந்த ஒன்றரை மணி நேரம். 25 பேருக்கு மேல் ஒரு அறையில் வேண்டாம். அதற்கு மேல் போனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இது மிக அரிதாக நேரும் விஷயம் என்பதையும் ஆள்வகை கிடையாது என்பதையும் சொல்ல முதல் 15 நிமிடம். மாற்றம், கசிவு, படிப்படியான நகர்வு என்பதற்கு 20. பயிற்சித் தாள்களுக்கு 30. எப்படி எழுதுவது, யாரிடம் சொல்வது, பிறகு என்ன நடக்கும் என்பதற்கு 15. மிச்சம் கேள்விகளுக்கு. தாக்குதல்காரர்களின் படத்தையோ பெயரையோ திரையில் போடாதீர்கள். அடுத்தடுத்து வந்தவர்களில் பலர் கொலம்பைன்காரர்களை முன்மாதிரியாகப் படித்தவர்கள்; அந்தப் புகழுக்கு நாம் பங்களிக்க வேண்டாம். பதற வைக்கும் வீடியோ, துப்பாக்கிச் சத்தம் போட்டு ஒத்திகை, இரண்டும் வேண்டாம். பயந்த மனிதருக்குக் கண்ணில் படுவதெல்லாம் அறிகுறியாகத் தெரியும்.

பயிற்சித் தாள் என்றது சிறு சீட்டுகளைத்தான். நாலு நாலு பேராக உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டுக்கும் “சொல்ல வேண்டுமா, யாரிடம், என்ன வார்த்தையில்” என்று தீர்மானிக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு மூன்று எழுதுகிறேன். முதல் சீட்டு: 15 வயதுப் பையன், எப்போதும் கறுப்பு உடை, யாரோடும் பேசுவதில்லை, ஹெட்ஃபோனில் காது செவிடாகிற பாட்டு. இதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் யாராவது பக்கத்தில் போய் உட்காரலாம். இரண்டாவது: கூடைப்பந்து ஆட்டத்தில் சண்டை, “கொன்னுடுவேன்டா” என்று ஒருவன் கத்தினான், பத்து நிமிடத்தில் இருவரும் சேர்ந்து பீட்சா சாப்பிடுகிறார்கள். ஆசிரியர் இருவரையும் தனித்தனியே கேட்டு, குறித்துக்கொண்டு, விட்டுவிடலாம். மூன்றாவது: மூன்று வாரமாக டென்னிஸுக்குப் போகவில்லை, ஆசையாக வைத்திருந்த கேம் கன்ட்ரோலரை நண்பனுக்குக் கொடுத்துவிட்டான், மாமா வீட்டுத் துப்பாக்கி லாக்கரின் எண் தனக்குத் தெரியும் என்றான், “வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிடு” என்று அதே நண்பனிடம் சொன்னான். இதைப் படித்ததும் அறையில் சத்தம் அடங்கிவிடும். அப்போது கேளுங்கள்: இது உங்களுக்கு வியாழக்கிழமை இரவு 11 மணிக்குத் தெரியவருகிறது, என்ன செய்வீர்கள்? “காலையில் பிரின்சிபாலிடம் பேசுகிறேன்” என்று பலர் சொல்வார்கள். விடிந்தால் வெள்ளிக்கிழமை. 911 அந்த இரவிலேயே.

துப்பாக்கி என்றதும் “நம் வீடுகளில் ஏது” என்பார்கள். சிலர் வீட்டில் இருக்கிறது, கேட்டால்தான் தெரியும். 2008 முதல் 2017 வரை நடந்த 41 பள்ளித் தாக்குதல்களைப் பற்றி சீக்ரெட் சர்வீஸ் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி பயன்படுத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்திருந்தார்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லாமல், பூட்டி, தோட்டாவைத் தனியே பூட்டி, எண்ணும் சாவியும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைப்பது இந்தப் பயிற்சியின் எந்தப் பகுதியைவிடவும் பலன் தரக்கூடியது. பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் கேட்பதற்கும் கூச்சப்படாதீர்கள், நாய் இருக்கிறதா என்று கேட்பதைப் போலத்தான். நிலைமை முற்றிய வீட்டில், ஆயுதத்தைத் தற்காலிகமாக எடுத்துவைக்க நீதிமன்ற ஆணை கேட்கும் வழி நியூ ஜெர்சியில் 2019 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. குடும்பத்தாரோ காவல்துறையோ மனுப்போடலாம்.

பெற்றோர் தங்கள் பிள்ளையிடமே இவற்றைக் கண்டால்? நம்மில் பலருக்குத் தெரிந்தது கத்துவது, போனைப் பிடுங்குவது, ஊருக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டுவது. அதோடு கசிவு நின்றுவிடும். உள்ளே இருப்பது நிற்காது. பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்வரை அது நல்ல செய்தி. தனியாக, கார் ஓட்டும்போது பேசுவது எளிது, முகத்தை நேரே பார்க்க வேண்டியதில்லை. சொன்னதை அன்றே பள்ளி ஆலோசகருக்கோ மருத்துவருக்கோ கொண்டுபோங்கள். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளையை முதலில் பார்ப்பது அவர்கள்தான், சாப்பாட்டைத் தொடாமல் அறைக்குள் போகிறவனை முதலில் கவனிப்பதும் அவர்கள்தான்.

கோவிலிலோ விழா மண்டபத்திலோ இதே பயிற்சியை அப்படியே நடத்தாதீர்கள். 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சினில் ஓக் கிரீக் குருத்வாராவில் சுட்டவன் வெளியாள். அங்கே வழிபட வந்தவர்களுக்கு அவனைப் பற்றி முன்பே அறிய வழியே இல்லை. வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு வேண்டியது வேறு: நுழைவாயிலில் வரவேற்க ஒரு ஆள், நோட்டம் பார்ப்பவரைக் குறித்துக்கொள்வது, மிரட்டல் கடிதத்தையும் குரல்பதிவையும் அழிக்காமல் வைத்திருப்பது, உள்ளூர்க் காவல் நிலையத்தோடு முன்கூட்டிய அறிமுகம்.

உறுதியாகச் சொல்ல முடியாததையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய பயிற்சி தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்று நிரூபிக்க இதுவரை நல்ல வழி இல்லை. நடப்பதே அரிது என்பதால் கணக்கில் பிடிபடாது. 2021-ல் சீக்ரெட் சர்வீஸ் தடுக்கப்பட்ட 67 பள்ளிச் சதிகளை ஆராய்ந்தது. அவை தெரியவந்தது பெரும்பாலும் சக மாணவர்கள் வாய்திறந்ததால். இது நம்பிக்கை தருகிறது. ஆனால் அவை எல்லாமே நடந்தே தீர்ந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பயன் தெளிவாகத் தெரிவது வேறு இடத்தில். கொலம்பைனுக்குப் பிறகு கொலராடோ தொடங்கிய பெயர் சொல்லாத் தகவல் சேவையான சேஃப்-டு-டெல்லுக்குப் பல ஆண்டுகளில் அதிகம் வந்தது பள்ளித் தாக்குதல் பற்றிய தகவல் அல்ல, தற்கொலை பற்றியது. துப்பாக்கிக்காரனைத் தேடி ஏற்படுத்திய வழியில் சாக நினைத்த பிள்ளைகளைப் பற்றிய தகவல்கள் வந்து சேர்கின்றன. உங்களுக்கு வரும் முதல் தகவலும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். பெற்றுக்கொள்ளும் இரண்டு பேரும் அதற்கே முதலில் தயாராக இருக்க வேண்டும். பெயர் சொல்லாமல் தகவல் தரும் வழியில் பொய்த் தகவலும் கொஞ்சம் வரும்; அதனால்தான் வந்ததும் ஒருவரைத் தண்டிக்காமல் முதலில் விசாரிக்கும் குழு தேவைப்படுகிறது.

ஒரு தடவை நடத்திய பயிற்சி சில மாதங்களில் மறந்துபோகும். ஆண்டு தொடக்கத்தில் முழுப் பயிற்சி, பொங்கலுக்குப் பிறகு 15 நிமிடத்தில் இரண்டு சீட்டு, அது போதும். பிள்ளைகளுக்குத் தனியாக, ஆறாம் வகுப்புக்கு மேல், முக்கால் மணி நேரம் நடத்துங்கள். பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் முன்னால் தெரியவரும். பயிற்சிக்கு முந்தைய சனிக்கிழமை, தாளில் அச்சடித்திருக்கும் ஒவ்வொரு பள்ளி எண்ணையும் நீங்களே அழைத்து, யார் எடுக்கிறார்கள், வார இறுதியில் யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். யாரும் எடுக்காத எண்ணை அடித்துவிட்டு, எடுக்கும் எண்ணை எழுதிய பிறகு பிரதி எடுங்கள்.